இழுத்துவிடும், நிற்குமா? பெரிய டிராவல் டிரெய்லருக்கு வண்டி தேர்வு செய்யும் முன்

பெங்களூரில் பெரிய எஸ்.யூ.வி. வாங்கிய வீடுகளில் சில மாதங்களுக்குள் ஒரு யோசனை முளைக்கிறது. 'வண்டியில் 175 குதிரைத்திறன் இருக்கிறது. பின்னால் படுக்கையும் சமையலறையும் கொண்ட டிரெய்லர் ஒன்றை மாட்டினால் ஏற்காடு, குடகு, ராமேசுவரம் எங்கும் அறை தேட வேண்டாமே.' காணொளிகளில் அமெரிக்கக் குடும்பங்கள் முப்பது அடி டிரெய்லரை அலட்டிக்கொள்ளாமல் இழுத்துச் செல்வதைப் பார்த்தால் ஆசை வருவது இயல்பு. டிரெய்லர் விற்பவரும், 'உங்கள் வண்டி தாராளமாக இழுக்கும் சார்' என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. சமதளத்தில் மெதுவாக இழுப்பதற்கு நடுத்தர இன்ஜினே போதும். இழுத்ததைத் தாங்குவதும், இறக்கத்தில் நிறுத்துவதும் இன்ஜினின் கையில் இல்லை.

எந்த கேரவனைப் பற்றிப் பேசுகிறோம்?

செய்திகளில் கேரவன் என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் அடிபடுகின்றன. கேரளம் 2021-இல் அறிவித்த கேரவன் சுற்றுலாத் திட்டம் முதன்மையாக மோட்டார் கேரவனைச் சுற்றியது. அதில் இன்ஜினும் ஓட்டுநர் இருக்கையும் வீடும் ஒரே வண்டிக்குள் இருக்கும். இந்தக் கட்டுரை பேசும் டிராவல் டிரெய்லருக்குச் சொந்த இன்ஜின் கிடையாது. ஒன்று அல்லது இரண்டு அச்சுகளின் மேல் நிற்கும் அறை, வண்டியின் பின்புறக் கொக்கியில் மாட்டப்பட்டு வரும். கொக்கி என்பது 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு. டிரெய்லரின் மூக்கு அதன் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும்.

தெரிந்திருக்க வேண்டிய எடைகள்

1. வெற்று எடை: ஆளும் சாமானும் இல்லாத வண்டியின் எடை. பதிவுச் சான்றில் இருக்கும்.

2. மொத்த எடை வரம்பு: ஆள், சாமான், எரிபொருள், கொக்கியில் விழும் பாரம் எல்லாம் சேர்ந்து வண்டி தாங்கலாம் என்று தயாரிப்பாளர் விதித்த உச்சம். இதில் வெற்று எடையைக் கழித்தால் வருவது சுமைத்திறன். பெரும்பாலான தவறுகள் இந்த எண்ணைப் பார்க்காததால் நேர்பவை.

3. தொடர் எடை வரம்பு: வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடையின் உச்சம். வண்டியில் ஆள் கூடினால் டிரெய்லரில் குறைத்தாக வேண்டும்.

4. இழுவைத் திறன்: டிரெய்லரின் எடைக்கான வரம்பு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இது மட்டும். பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓர் எண், பிரேக் இல்லாததற்கு அதைவிட மிகச் சிறிய வேறோர் எண் என இரண்டு உண்டு. ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம்.

5. முன்பாரம்: டிரெய்லரின் மூக்கு கொக்கியை அழுத்தும் எடை. இதை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்.

முன்பாரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

பாரவண்டியில் மூட்டை அடுக்குகிறவர்கள் முன்பக்கம் சற்றுக் கனமாக வைப்பார்கள். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். டிரெய்லரிலும் விதி அதேதான், வேகம் மட்டும் பத்து மடங்கு. முன்பாரம் குறைந்தால் டிரெய்லரின் பின்பகுதி இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஒரு லாரி முந்திச் செல்லும்போது அடிக்கும் காற்றே அதற்குப் போதும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அந்த ஆட்டம் தானாக அடங்காது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகி வண்டியின் பின்சக்கரங்களையும் இழுத்துக்கொண்டு போகும். அப்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டித் திருத்த முயல்வது நிலைமையை மோசமாக்கும். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விட வேண்டும்.

அமெரிக்க வழக்கத்தில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பாரமாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 5 முதல் 7 விழுக்காடு போதும் என்கிறார்கள். அங்கே கார்கள் சிறியவை, கேரவனுக்கான வேக வரம்பு குறைவு, டிரெய்லரும் இலேசு. காணொளி ஒன்றில் கேட்ட விழுக்காட்டை வேறொரு நாட்டு டிரெய்லருக்குப் பொருத்திக் குழம்புகிறவர்கள் ஏராளம். இரண்டு அச்சுள்ள, அமெரிக்கப் பாணிப் பெரிய டிரெய்லருக்கு 10 விழுக்காட்டில் இருந்து தொடங்குவது நல்லது.

கொக்கி பின்னச்சுக்கு மேலே இல்லை, அதற்கும் பின்னால் இருக்கிறது. எனவே அங்கே விழும் பாரம் நெம்புகோல்போல் வேலை செய்யும். முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.75 மீட்டர், பின்னச்சில் இருந்து கொக்கி வரை 1.2 மீட்டர் என்று கொள்வோம். 200 கிலோ முன்பாரம் விழுந்தால் முன்சக்கரங்களில் இருந்து சுமார் 87 கிலோ குறையும். பின்னச்சில் சுமார் 287 கிலோ கூடும். வண்டியின் முகம் தூக்கும், முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், ஸ்டீயரிங் இலேசாகிவிடும். பெங்களூரின் ஒவ்வொரு வேகத்தடையிலும் கொக்கி தரையை உரசும். தூக்கிய எடையில் ஒரு பகுதியை முன்சக்கரங்களுக்குத் திருப்பி அனுப்பும் கொக்கி அமைப்புகள் உண்டு. அவை சமநிலையைச் சீராக்கும், சுமைத்திறனைக் கூட்டாது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஒரு வண்டியின் வெற்று எடை 2,050 கிலோ, மொத்த எடை வரம்பு 2,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சுமைத்திறன் 650 கிலோ. இழுவைத் திறன் 2,500 கிலோ என்கிறார்கள். பார்த்திருக்கும் டிரெய்லர் நிறைசுமையில் 2,000 கிலோ. காகிதத்தில் 500 கிலோ மிச்சம் இருப்பதுபோல் தெரிகிறது.

ஆளுக்கு 70 கிலோ வீதம் ஐந்து பேருக்கு 350 கிலோ. கொக்கிச் சட்டத்துக்கு 35 கிலோ. பின்னிருக்கைக்குப் பின்னால் பெட்டி, குடிநீர், மாமியாரின் அரிசி மூட்டை எல்லாம் சேர்த்து 80 கிலோ. இதுவரை 465. மீதம் 185 கிலோ. டிரெய்லரின் முன்பாரமோ 200 கிலோ. ஆக, இழுவைத் திறனில் ஐந்தில் ஒரு பங்கு கைவசம் இருக்கும்போதே சுமைத்திறன் தீர்ந்துவிட்டது. பெரிய டிரெய்லர் கனவு பெரும்பாலும் முட்டி நிற்கும் இடம் இதுதான். டிரெய்லர் விற்பவர் சொல்லும் எடையோ தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த எடை. தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், பேட்டரி, ஏ.சி., மெத்தை, பாத்திரம் எதுவும் அதில் சேராது. 100 லிட்டர் தொட்டி நிரம்பினால் 100 கிலோ. அது அச்சுக்குப் பின்னால் அமைந்திருந்தால் முன்பாரத்தையும் குறைத்துவிடும்.

கணக்கைச் சரிபார்க்க லாரிகள் நிற்கும் எடை மேடையே போதும். ஓசூர் சாலையிலும் தும்கூர் சாலையிலும் அவற்றுக்குக் குறைவில்லை. மூன்று சீட்டு வாங்க வேண்டும்.

1. டேங்க் நிரப்பி, குடும்பத்தோடு, டிரெய்லர் இல்லாமல் வண்டி மட்டும். உதாரணமாக 2,520 கிலோ.

2. டிரெய்லரை மாட்டி, தொடர் முழுவதும் மேடையில். 4,480 கிலோ. ஆகவே டிரெய்லர் 1,960 கிலோ.

3. மாட்டியபடியே முன்னே நகர்ந்து, டிரெய்லரின் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருக்க, வண்டியின் நான்கு சக்கரங்கள் மட்டும் மேடையில். 2,710 கிலோ. முதல் சீட்டைக் கழித்தால் முன்பாரம் 190 கிலோ, அதாவது டிரெய்லர் எடையில் ஏறத்தாழ 9.7 விழுக்காடு.

மூன்றாவது சீட்டில் வண்டி வரம்பைவிட 10 கிலோ கூடுதல். லாரிக்கான மேடை பத்து, இருபது கிலோ முன்பின் காட்டலாம் என்பதால் அந்தப் பத்துக்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் அப்படி விளிம்பில் நிற்கும் தொடரை மலைச்சாலைக்குக் கொண்டுபோகவும் கூடாது.

பெங்களூருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சிக்கல்

பெங்களூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் சுமார் 280 மீட்டர். அதாவது இங்கிருந்து ஊருக்குப் போகும் தமிழ்க் குடும்பம், முழு டேங்க், முழுத் தண்ணீர், முழுச் சுமையோடு கீழ்நோக்கிப் புறப்படுகிறது. ஓசூர் தாண்டியதும் தொடங்கும் சரிவு போக, தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாய் இருக்கிறது. அங்கே கட்டுப்பாடிழந்த லாரிகள் முன்னால் போகும் வாகனங்களில் மோதிய செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு இறங்குவது அங்கு ஒரு பழைய வியாதி.

நாலு டன் எடையுள்ள தொடரை 5 விழுக்காடு சரிவு சுமார் 200 கிலோ விசையோடு கீழே தள்ளும். இடைவிடாமல் தள்ளும். 200 மீட்டர் உயரம் இறங்கி முடிப்பதற்குள் வெளியேற்ற வேண்டிய ஆற்றல், அதே தொடரை 80 கி.மீ. வேகத்தில் இருந்து எட்டு முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயர் உராய்வும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் இன்ஜினிலோ பிரேக் தட்டிலோ வெப்பமாக இறங்கியாக வேண்டும். பிரேக் மட்டும் அதைச் சுமந்தால் பட்டைகள் பிடிமானத்தை இழக்கும், பிரேக் ஆயில் கொதிக்கும், மிதித்தால் பெடல் அடிவரை போய்விடும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரை இறக்கி, இன்ஜினை இழுத்துப்பிடிக்க வைப்பதுதான் வழி.

எனவே டிரெய்லரின் பிரேக் எவ்வகை என்று கேட்டே ஆக வேண்டும். ஐரோப்பிய டிரெய்லர்களில் தள்ளுவிசை பிரேக் இருக்கும். முன்வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னே தள்ள, மூக்கு உள்வாங்கி, கம்பி வழியாகப் பிரேக்கைப் பிடிக்கும். எளிமையானது, மின்சாரம் வேண்டாம். ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் தள்ளிக்கொண்டே வருவதால் அந்தப் பிரேக் விடாமல் உரசிச் சூடாகும். அமெரிக்க டிரெய்லர்களில் மின்சார பிரேக். ஓட்டுநருக்கு அருகில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருக்க வேண்டும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் அதன் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தித் தொடரை நேராக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. எவ்வகை ஆனாலும், கொக்கி கழன்றால் டிரெய்லரைத் தானாகப் பிடித்து நிறுத்தும் கம்பியும், மூக்குக்குக் கீழே குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலிகளும் இருக்க வேண்டும். இரண்டு டன் டிரெய்லரைப் பிரேக் இல்லாமல் விற்பவரிடம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

விளம்பர எண் எங்கிருந்து வருகிறது?

ஐரோப்பாவில், இழுவைத் திறன் எண்ணைப் பெற நிறைசுமைத் தொடர் 12 விழுக்காடு ஏற்றத்தில் ஐந்து நிமிடங்களுக்குள் ஐந்து முறை நின்று கிளம்ப வேண்டும். அமெரிக்காவில் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. 2008-இல் வெளியிட்ட ஜே2807 என்ற தரமுறை, அரிசோனாவில் டேவிஸ் அணையை ஒட்டிய சுமார் 18 கி.மீ. ஏற்றத்தை அளவுகோலாகக் கொண்டது. கொளுத்தும் வெயிலில், ஏ.சி.யை முழுதாக வைத்துக்கொண்டு, குறைந்தபட்ச வேகம் குறையாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைகள்தாம். ஆனாலும் அந்த எண்ணைத் தொடுவதற்கு வண்டிக்குள் இருக்கும் ஆட்களும் சாமான்களும் குறைவாகவே இருக்க வேண்டும் என்பதை மேலே உள்ள கணக்கு காட்டும்.

இந்தியாவில் விற்கும் சில வண்டிகளுக்கு வெளிநாட்டில் அறிவிக்கப்பட்ட எண்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் டொயோட்டா ஹைலக்ஸுக்கு 3,500 கிலோ, ஃபார்ச்சூனருக்கு 3,100 கிலோ, அங்கே ஸ்கார்பியோ என்ற பெயரில் விற்கும் நம்மூர் ஸ்கார்பியோ-என்னுக்கு 2,500 கிலோ. இவை வண்டியின் அடிப்படை எலும்புக்கூடு எவ்வளவு வலுவானது என்பதற்கு நல்ல அறிகுறி. இங்கே செல்லுபடியாகும் அனுமதிச் சீட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்பிரிங், குளிர்விப்பு, கொக்கி பொருத்தும் இடம் ஆகியவை சந்தைக்குச் சந்தை மாறும். இந்தியக் கையேட்டில் தயாரிப்பாளர் என்ன எழுதியிருக்கிறார் என்பதே கடைசிச் சொல். டிரெய்லர் இழுக்க வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதிய கையேடுகளும் உண்டு.

உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 விழுக்காடு திறனை இழக்கும். உதகை 2,240 மீட்டர். டர்போ டீசலுக்கு இழப்பு குறைவு.

வண்டியின் உடலமைப்பு

தனிச் சட்டத்தின் மேல் உடல் பொருத்திய வண்டிகளான ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ், ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ-என், இன்னோவா கிரிஸ்டா, தார் ஆகியவற்றில் கொக்கியின் இழுவிசை நேராகச் சட்டத்தில் விழும். கிரெட்டா, ஹாரியர், சஃபாரி, எக்ஸ்.யூ.வி.700, இன்னோவா ஹைகிராஸ் போன்றவற்றில் உடலே சட்டம். இந்த வகையால் இழுக்கவே முடியாது என்பதில்லை. ஐரோப்பாவில் இழுப்பவை பெரும்பாலும் இவைதாம். ஆனால் தயாரிப்பாளரே வடிவமைத்த கொக்கிச் சட்டம் வேண்டும். பம்பருக்குப் பின்னால் பட்டறையில் பற்றவைத்த கொக்கியை இவற்றில் நம்பக் கூடாது.

எந்தச் சக்கரம் உந்துகிறது என்பதும் பெரிய வேறுபாடு. பின்பக்கம் பாரம் விழும்போது பின்சக்கர உந்துதலுக்குப் பிடிமானம் கூடும். முன்சக்கர உந்துதலுக்குக் குறையும். ஈரமான ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பின்சக்கரம் உந்தும் கிரிஸ்டாவுக்கும் முன்சக்கரம் உந்தும் ஹைகிராஸுக்கும் உள்ள இடைவெளி அப்போது தெரியும்.

அச்சுகளுக்கு இடையிலான நீளம் கூடினால் டிரெய்லர் ஆட்டும்போது வண்டி எளிதில் திரும்பாது. மூன்று கதவுத் தாரில் இது 2,450 மில்லிமீட்டர், ஸ்கார்பியோ-என்னில் 2,750, ஹைலக்ஸில் 3,085. தார் வலுவான வண்டிதான். இருபது அடி டிரெய்லருக்கு முன்னால் அது குட்டை. கியரைப் பொறுத்தவரை, டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கே என் தேர்வு. கிளம்பும்போது முறுக்குவிசையை அது பெருக்கித் தரும். மேனுவலில் ஏற்றத்தில் பின்வாங்காமல் கிளம்பக் கிளட்சைத் தேய்க்க வேண்டியிருக்கும். நெரிசலில் நாலைந்து முறை அப்படிக் கிளம்பினால் கிளட்ச் பிளேட் கருகும் வாடை காருக்குள் வரும். பட்டை வழியாக விசையைக் கடத்தும் சி.வி.டி., மேனுவல் கியரையே தானாக மாற்றும் ஏ.எம்.டி. இரண்டும் இந்த வேலைக்கு வேண்டாம். மின்சார எஸ்.யூ.வி.க்கு முறுக்குவிசை தாராளம். ஆனால் பெட்டிபோன்ற டிரெய்லரின் காற்றெதிர்ப்பு ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தைப் பாதி அளவுக்குக் குறைத்துவிடும். சார்ஜ் ஏற்றும் இடத்திலோ டிரெய்லரோடு நிற்க இடம் இருக்காது. காற்றெதிர்ப்பு எல்லா வண்டிக்கும் பொது: 80-இல் இருந்து 100-க்குப் போனால் காற்றை மட்டும் தள்ளத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகும்.

பதிவும் காப்பீடும்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்குள்ளேயே டிரெய்லரும் அடங்கும். எனவே 39-ஆவது பிரிவின்படி அதற்குத் தனிப் பதிவு வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். வகைப்பாட்டில் 750 கிலோ வரை டி-1, அதற்கு மேல் 3.5 டன் வரை டி-2. பெரிய டிராவல் டிரெய்லர் டி-2-இல் வரும். அந்த வடிவம் சோதனையில் தேறியது என்று காட்டும் வகை ஒப்புதல் சான்றைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். 'பதிவு பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கொக்கி பொருத்துவது 52-ஆவது பிரிவின் கீழ் மாற்றமாகக் கருதப்படுமா என்ற கேள்வியும் எழும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பது அந்தப் பிரிவு. 2017 டிசம்பரில் முன்பக்க இரும்புத் தடுப்புகளை அகற்றச் சொன்ன மத்திய அரசு இதையே சுட்டிக்காட்டியது. ஆகவே கொக்கி மாட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவது நல்லது. விபத்துக்குப் பின் தொடங்கும் கடிதப் போக்குவரத்து யாருக்கும் உதவுவதில்லை.

மைசூரு விரைவுச்சாலையில் டிரெய்லருக்குத் தடை என்ற பேச்சும் உலவுகிறது. 2023 ஆகஸ்ட் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த தடை இருசக்கர, மூன்றுசக்கர வாகனங்கள், டிராக்டர்கள், பல அச்சு ஹைட்ராலிக் டிரெய்லர்கள் உள்ளிட்டவற்றுக்கானது; கார் இழுக்கும் டிராவல் டிரெய்லர் அதில் பெயரிடப்படவில்லை.

எந்த எடைக்கு எது?

வெற்று எடையை விட்டுவிட்டு, நிறைசுமை டிரெய்லரை வைத்தே பேசுவோம்.

1. 750 கிலோ வரை: தயாரிப்பாளர் அனுமதித்தால் நடுத்தர டீசல் எஸ்.யூ.வி. போதும். ஆனால் இது பெரிய டிரெய்லர் அல்ல; இரண்டு பேர் படுக்கும் கூண்டு.

2. 1,500 கிலோ வரை: கிரிஸ்டா, ஸ்கார்பியோ-என் போன்ற சட்டம் உள்ள, பின்சக்கர உந்துதல் டீசல் வண்டிகள். நான்கு பேர், குறைந்த சாமான்.

3. 1,500 முதல் 2,000 வரை: 2.8 லிட்டர் ஃபார்ச்சூனர் அல்லது ஹைலக்ஸ், ஆட்டோமேட்டிக். இரண்டிலும் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கீழ்ச்சுற்றிலேயே கிடைக்கிறது.

4. 2,000-க்கு மேல்: காகிதத்தில் ஹைலக்ஸ் இழுக்கும். குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள குடும்பத்துக்கு, மலைச்சாலைக்கு, நான் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்கக் காணொளிகளில் இந்த எடையை இழுப்பவை ஃபோர்டு எஃப்-150 போன்ற முழு அளவு பிக்கப்புகள். அவற்றை நிறுவனம் இங்கே விற்பதில்லை. இவ்வளவு இடம் வேண்டுமானால் மோட்டார் கேரவனை வாடகைக்கு எடுப்பது மலிவு.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இன்னொன்றையும் அளந்துவிடுங்கள். டிரெய்லரின் உயரம் பெரும்பாலும் 2.5 மீட்டரைத் தாண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தள வாகன நிறுத்தத்துக்குள் அது நுழையாது. அல்சூர், சிவாஜி நகர் சந்துகளில் பின்னுக்கு எடுத்துத் திருப்பவும் முடியாது. அத்திப்பள்ளிப் பக்கமோ நெலமங்களா பக்கமோ மாத வாடகைக்கு நிறுத்துமிடம் பார்க்க வேண்டும். அந்த வாடகையையும், ஒவ்வொரு பயணத்துக்கும் அங்கே போய் மாட்டிவரும் நேரத்தையும் சேர்த்து, அதன் பிறகு விலையைப் பேசலாம்.